பெயர் இல்லாத சின்னம்



விண்வெளி வீரர்களின் சட்டையில் ஒரு துணிச் சின்னம் தைத்திருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். யார் போகிறார்கள், எதற்காகப் போகிறார்கள் என்பதை அது சொல்லும். பெரும்பாலும் வீரர்களின் பெயர்களும் அதில் இருக்கும்.

1969 ஜூலையில் மனிதரை முதன்முதலாக நிலவில் இறக்கிய அப்பொல்லோ 11 சின்னத்திலோ ஒரு பெயரும் இல்லை. ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரும் தங்கள் பெயர் வேண்டாம் என்றார்கள். அந்தத் திட்டத்துக்காக உழைத்தவர்கள் ஏறக்குறைய 4 லட்சம் பேர். சின்னம் எல்லாருக்கும் உரியதாக இருக்கட்டும் என்று நினைத்தார்கள்.

அதை வரைந்தவர் காலின்ஸ். நிலவில் இறங்கும் கழுகு. அதன் அலகில் ஒலிவக் கிளை. விரிந்த நகங்களைப் பார்த்த அதிகாரிகள், சண்டைக்குப் போவதுபோல் இருக்கிறதே என்று தயங்கினார்கள். அதனால் கிளை அலகிலிருந்து கால்களுக்கு மாறியது. இரையைக் கவ்வும் நகங்கள் சமாதானத்தைப் பற்றிக்கொண்டன. நோவாவிடம் புறா கொண்டுவந்த அதே ஒலிவம்!

பெயர் பொறிப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. 2003இல் கொலம்பியா விண்கலத்தில் சென்றவர்களின் சின்னத்தில் ஏழு பெயர்கள் உண்டு. நம் நாட்டில் பிறந்த கல்பனா சாவ்லாவின் பெயரும் அதில் ஒன்று. கூடவே, சமாதானத்தின் அடையாளமாகப் புறா என்னும் விண்மீன் கூட்டம். பிப்ரவரி 1 அன்று அந்த எழுவரும் வீடு திரும்பவில்லை. உயிரைக் கொடுத்தவர்களின் பெயரை மறக்கக் கூடாது.

ஆனால், கொடுத்தும் பெயர் தெரியாமல் போனவர்கள்? கேரளத்தின் தும்பா கடற்கரையில் ஏவுதளத்துக்கு இடம் தேவைப்பட்டபோது, ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா தம் மக்களிடம் கேட்டார். அந்த மீனவ மக்கள் புனித மகதலா மரியா ஆலயத்தையும் தங்கள் குடியிருப்பையும் விட்டுக்கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் பறந்தது. அந்தக் குடும்பங்களின் பெயர்கள் நம்மில் யாருக்குத் தெரியும்?

நம் மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்திலும் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. நாளை அங்கே ராக்கெட் எழும்பும்போது நாம் எல்லாரும் கைதட்டுவோம். நிலம் கொடுத்தவர்களையும் அந்தக் கடலை நம்பிப் பிழைப்பவர்களையும் அப்போது நினைப்போமா?

நம் ஆலயங்களில் மின்விசிறி இறக்கையில்கூட 'உபயம்' என்று பெயர் எழுதுகிறோம். விடியுமுன் வந்து ஆலயத்தைப் பெருக்கும் அம்மாவின் பெயர் தெரியுமா? உப்பளத்து வெயிலில் கால் வெடிக்க நின்று உப்பு வாருகிறவர், துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவர் பெயரெல்லாம் எந்தக் கல்வெட்டில் இருக்கிறது? பெயர் விண்ணகத்தில் எழுதப்பட்டிருப்பதை எண்ணி மகிழச் சொன்னார் ஆண்டவர். அந்தப் பட்டியலில் உபயதாரர்களுக்கென்று தனி வரிசை இல்லை.

இந்த வாரம் ஒன்று செய்வோம். நமக்காக உழைக்கும் ஒருவரிடம் அவர் பெயரைக் கேட்போம். இரவு குடும்பச் செபத்தில் அந்தப் பெயரைச் சொல்லி மன்றாடுவோம். இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.