600 மீட்டர்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆரம்ப சுகாதார நிலையங்கள் பற்றி ஆய்வு செய்கிறேன் என்றால், "அதுல சாதி எங்க தோழர் வருது?" என்று நம் ஆட்களே கேட்கிறார்கள். அதனால் என் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆய்வின் முதல் ஆண்டில் ஒரு வரைபடம் போட்டேன். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. எந்தக் குடியிருப்புக்கு எது எவ்வளவு தூரம் என்று குறித்து வண்ணம் அடித்தேன். எங்கள் காலனி பச்சையில் வந்தது. வீட்டிலிருந்து சப் சென்டர் 600 மீட்டர்தான்.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "இதுல ஏரிக்கரை எங்க?" என்றார்.

1996இல் தம்பி வயிற்றில் இருந்தபோது அம்மா ஏரிக்கரையைச் சுற்றித்தான் நர்சம்மாவைப் பார்க்கப் போனார். நேர்வழியில் ஊர்த்தெரு இருக்கிறது. அங்கே நம்மவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். "வயித்தத் தள்ளிக்கிட்டு எங்கடா குனியிறது?" என்று இப்போது சிரிக்கிறார். சுற்றுவழி இரண்டு கிலோமீட்டருக்கு மேல். ஏழாம் மாதத்தோடு போவதை நிறுத்திவிட்டார். என் படத்தில் இது எதுவும் இல்லை.

சாதி பார்த்துத்தான் அங்கே கட்டினோம் என்று எந்தக் கோப்பிலும் எழுதியிருக்காது. கட்டடத்துக்கு இடம் வேண்டும். இடத்தைத் தானமாகக் கொடுத்தது ஊரில் நிலம் வைத்திருந்த குடும்பம், கல்வெட்டில் பெயர் இருக்கிறது. தானம் கொடுக்க எங்களிடம் ஏது நிலம்? இதற்கு மேல் ஒரு சதியும் தேவைப்படவில்லை.

அரசு மருத்துவத்தைத் திட்டத் தொடங்கினால் கைதட்டத் தனியார் ஆஸ்பத்திரிக்காரர்கள் தயாராக இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் பேசவில்லை. காசில்லாமல் மாத்திரை கிடைக்கும் இடம் நமக்கு அது ஒன்றுதான். அந்த இடத்தில் நம் சொல்லுக்கு என்ன மதிப்பு என்பதே என் கேள்வி.

இதே கேள்வியோடு படித்துக்கொண்டிருந்தபோது அமெரிக்காவின் மிசிசிப்பியில் உள்ள மவுண்ட் பேயூ கண்ணில் பட்டது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பர்கள் 1887இல் உருவாக்கிய ஊர். சுற்றிலும் பருத்திக்காடு, கூலி வேலை, அதுவும் இயந்திரம் வந்து போய்க்கொண்டிருந்தது. 1960களில் அங்கே சமூக சுகாதார மையம் தொடங்க வந்தவர் ஜாக் கைகர் என்ற வெள்ளை மருத்துவர். மாணவராக இருந்தபோது தென்னாப்பிரிக்காவின் ஃபொலேலா சுகாதார மையத்தில் வேலை கற்றவர். ஜான் ஹேட்ச் என்ற கறுப்பர் மக்களைத் திரட்டும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். என்ன வேண்டும் என்று அவர் மக்களிடம் கேட்டபோது, மக்கள் டாக்டரை முதலில் கேட்கவில்லை. சோறும் நல்ல தண்ணீரும் வேலையும் கேட்டார்கள்.

மருத்துவர்கள் மருந்துச் சீட்டிலேயே பாலும் இறைச்சியும் காய்கறியும் எழுதினார்கள். கடைக்காரர் கொடுத்துவிட்டு மையத்துக்குப் பில் அனுப்பினார். மருந்துக் கணக்கிலிருந்து பணம் போனது. நிதி கொடுத்தவர்கள் ஆட்சேபித்தபோது, ஊட்டக்குறைவுக்குப் பாடப்புத்தகம் சொல்லும் சிகிச்சை உணவுதானே என்று கைகர் பதில் சொன்னார். பிறகு மக்களே கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார்கள். கிணறு வெட்டினார்கள், கழிப்பறை கட்டினார்கள்.

அமெரிக்காவை மெச்ச இதைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் மருத்துவம் என்பது அங்கே இன்றும் இல்லை. ஆனால் அப்படித் தொடங்கிய மையங்கள் இப்போது மூன்று கோடிப் பேருக்கு மருத்துவம் பார்க்கின்றன. மையத்தின் நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அங்கேயே வைத்தியம் பார்த்துக்கொள்பவர்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நான் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

நம்மிடமும் குழு உண்டு. 2005இல் வந்த தேசிய ஊரக சுகாதார இயக்கத்துக்குப் பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு நோயாளர் நலச் சங்கம் வந்தது. ஒரு நிலையத்தில் அதன் கூட்டக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். காலனிக்காரர் ஒருவர் பெயருக்கு நேராகக் கையெழுத்து இருந்தது. அவர் வீட்டைத் தேடிப் போய்க் கேட்டால், "கூட்டமா? எப்ப நடந்துச்சு?" என்று என்னையே கேட்கிறார்.

தோழர்களே, உங்கள் பகுதி நிலையத்தில் இந்தச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கேளுங்கள். தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு மனு போடுங்கள். புது சப் சென்டர் வரப்போகிறது என்று காதில் விழுந்தால், இடம் முடிவாகும் முன்பே கிராம சபையில் பேசுங்கள். கல்வெட்டு வைத்த பிறகு பேசிப் பயனில்லை.

2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் வீடு தேடிப் போய் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் அந்த வேலைக்கு வந்தவர் எங்கள் காலனி அக்கா. அவர் ஊர்த்தெருவுக்கும் போக வேண்டும். தொடாமல் கையில் பட்டை கட்ட முடியாதே. முதல் நாள் போய்விட்டு வந்தவரிடம் அம்மா ஆர்வமாகக் கேட்டார்: "உள்ள கூப்ட்டாங்களா?"

"திண்ணையில உக்காரச் சொன்னாங்க பெரிம்மா. நான் கெளம்புனதும் தண்ணி ஊத்திக் கழுவுற சத்தம் கேட்டுச்சு. அடுத்த மாசமும் போவேன்."