பொம்மையும் அச்சும்

குழந்தையின் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்தால், அது முதலில் செய்யும் காரியம் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதுதான். அந்த வழக்கத்தை நாமும் சற்று மேற்கொள்ளலாம் என்பது என் கருத்து.

விளையாட்டுப் பொருள் செய்தல் நம் நாட்டுக்குப் பழைய தொழில். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரையின்றி உருட்டிய மூன்று கால் சிறுதேரைப் பட்டினப்பாலை பேசுகின்றது. மரத்தைக் கடைந்து செப்புச் சாமான் செய்தனர். செதுக்கி மரப்பாச்சி செய்தனர். பனையோலையை முடைந்து கிலுகிலுப்பை செய்தனர். தஞ்சையில் அடிப்பாகத்தைக் கனமாக்கி, எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்து நிற்கும் பொம்மையைச் செய்தனர்.

ஒரே உருவைப் பலவாக வார்க்கும் கலையும் நமக்குப் புதிதன்று. பண்ருட்டியில் கொலு பொம்மை செய்வோர், இரு பாதிகளாக அமைந்த அச்சில் களிமண்ணை அழுத்தி, இரண்டையும் இணைத்து, இணைந்த கோட்டை ஈரக் கையால் தேய்த்து மறைப்பர். பாரிஸ் சாந்தினாலான அச்சு ஈரத்தை உறிஞ்ச, மண் சுருங்கி எளிதில் விடுபடும்.

பிளாஸ்டிக் பொம்மையின் பிறப்பும் ஏறக்குறைய இவ்வாறே. அமெரிக்காவில் ஹையாட் சகோதரர் 1872-இல், செல்லுலாய்டை உருக்கி அச்சுக்குள் செலுத்தும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றனர். அதன் வழிவந்த இயந்திரம் ஒன்று இயங்குவதை நான் அருகிலிருந்து கண்டேன். அரிசி போன்ற பிளாஸ்டிக் மணிகள் சூடான உருளைக்குள் விழுகின்றன. உள்ளே சுழலும் திருகு அவற்றை உருக்கி முன்னே தள்ளுகின்றது. உருகிய குழம்பு பேரழுத்தத்தோடு எஃகு அச்சை நிரப்புகின்றது. அச்சினுள் ஓடும் தண்ணீர் அதைக் குளிரச் செய்கின்றது. அச்சு இரண்டாகப் பிளக்க, சிறு ஊசிகள் பொருளை வெளியே தள்ளுகின்றன. எல்லாம் சில விநாடிகளில்! பிளாஸ்டிக்கும் ஆறும்போது சுருங்கும். ஆதலால் அச்சைச் சற்றுப் பெரிதாகவே குடைகின்றனர். பொம்மையின் பக்கத்தில் ஓடும் மெல்லிய கோடு அச்சின் பாதிகள் கூடிய இடம். சிறு தழும்பு குழம்பு நுழைந்த வாயில்.

வேற்றுமை எங்கே? அச்சின் விலையில் இருக்கின்றது. சாந்து அச்சைக் குறைந்த செலவில் செய்து, அடுத்த நவராத்திரிக்குப் புதிய உருவம் படைக்கலாம். எஃகு அச்சுக்கு லட்சக்கணக்கில் செலவாகும். ஆயிரமாயிரம் பொம்மைகள் விற்றாலன்றி அது கட்டாது. ஆகவே, எது எங்கும் விலைபோகுமோ அதுவே வார்க்கப்படுகின்றது. அந்தப் பெருக்கத்தால்தான் ஏழைக் குழந்தைக்கும் மலிவாகப் பொம்மை கிடைக்கின்றது என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஓர் ஊருக்கே உரிய உருவம் அந்தக் கணக்கில் தேறுவதில்லை. தஞ்சைத் தலையாட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கின்றது. எனினும் வாங்குவோர் இல்லையேல் குறியீடு மட்டும் பட்டறையைக் காப்பாற்றாது.

மலிவுக்கும் ஓர் எல்லை வேண்டும். கோட்டின் ஓரம் கூராக நீட்டிக்கொண்டிருந்தால் பிஞ்சு விரலைக் கிழிக்கும். கழன்ற சிறு கண் தொண்டையை அடைக்கும். பொம்மைகளுக்கு இந்தியத் தர முத்திரை 2021 ஜனவரி முதல் கட்டாயமாகியுள்ளது. கடையில் அதைத் தேடிப் பார்த்து வாங்குங்கள். கோட்டையும் விரலால் தடவிப் பாருங்கள். பத்துப் பிளாஸ்டிக் பொம்மை வாங்கும் வீட்டில், கடைசல்காரர் கை பட்ட ஒன்றும் இருக்கட்டும். அவர் தொழில் நிலைக்க அதுவே வழி.