வாய் பேசா உயிரின் வாய்நலம்
(விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் இல்லங்கள் பலவற்றில் இன்று நாயோ பூனையோ குடும்பத்துள் ஒருவராகவே வாழ்கின்றது. வேளைக்கு உணவு தருகின்றோம், தடுப்பூசி போடுகின்றோம், நீராட்டுகின்றோம். ஆயினும் அவ்வுயிரின் வாயைத் திறந்து பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? அதனைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், பூனைக்கு 30. குட்டிப் பருவத்தில் முறையே 28, 26 பாற்பற்கள் இருக்கும். ஏறத்தாழ ஆறு, ஏழு திங்களுக்குள் அவை விழுந்து நிலைப்பற்கள் முளைத்துவிடும். பாற்பல் விழாமல் நிலைப்பல்லுக்கு அருகிலேயே நிற்பதும் உண்டு. பொமரேனியன் போன்ற சிறிய இனங்களில் இது மிகுதி. இரண்டு பற்களுக்கு இடையே உணவு தங்கி நோய்க்கு இடமாகும் என்பதால், அப்பாற்பல்லை மருத்துவரைக் கொண்டு அகற்றிவிடுதல் வேண்டும்.

நோய் எவ்வாறு தொடங்குகின்றது? உண்டபின் பல்லின்மீது நுண்ணுயிர்கள் மெல்லிய படலமாகப் படிகின்றன. துடைத்தால் போய்விடும் அப்படலம், துடைக்காது விட்டால் உமிழ்நீரிலுள்ள உப்புகளால் இரண்டு மூன்று நாள்களிலேயே இறுகத் தொடங்கிப் பற்காரையாகின்றது. காரை ஆனபின் தூரிகைக்கு அது அசையாது. அதன்மேல் மீண்டும் படலம் படியும். ஈறு சிவந்து வீங்கும். இந்நிலையில் கவனித்தால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பும். அதனைக் கடந்து பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கிவிட்டால், கரைந்த எலும்பு மீள்வதில்லை. ஆதலின், வருமுன் காத்தலே இங்கு முதல் மருத்துவம்.

இதில் கொடுமை யாதெனில், இவ்வுயிர்கள் வலியை மறைக்கும் இயல்பின. பல்வலியோடும் நாய் உண்ணும், வாலாட்டும். வாய்நாற்றத்தை, "நாய் என்றால் அப்படித்தான்" என்று நாம் தள்ளிவிடுகின்றோம். அது இயல்பன்று, நோயின் முதல் அறிகுறி. ஒருபக்கமாகவே மெல்லுதல், உணவை வாயிலிருந்து நழுவவிடுதல், எச்சில் வடிதல், முகத்தைக் காலால் தேய்த்தல், கண்ணுக்குக் கீழே வீங்குதல் ஆகியவை அடுத்தடுத்த அறிகுறிகள். கண்ணின்கீழ் வரும் வீக்கம் பெரும்பாலும் மேற்கடைவாய்ப் பெரும்பல்லின் வேரில் சீழ் கட்டியதால் வருவது.

எனக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் ஒன்பது வயது நாயொன்று விளையாட்டை நிறுத்தி ஒரு மூலையிலேயே கிடந்தது. முதுமை என்றே வீட்டார் கருதினர். மருத்துவர் வாயைப் பார்த்து, ஆடிக்கொண்டிருந்த ஐந்து பற்களை அகற்றினார். இரண்டு வாரங்களில் அந்நாய் வாசலுக்கு ஓடிவரத் தொடங்கியது. அதனை முடக்கியிருந்தது முதுமையன்று. எவரும் அறியாத வலி.

இனி, வீட்டில் நாம் செய்யத்தக்கவை. நாள்தோறும் பல் துலக்குதலுக்கு ஈடானது வேறில்லை. நாள்தோறும் இயலாவிடில் ஒன்றுவிட்டு ஒருநாளேனும் செய்தல் வேண்டும். வாரம் ஒருமுறை துலக்கினால், படலம் அதற்குள் காரையாகிவிடும். முதல் சில நாள்கள் விலங்குகளுக்குரிய பற்பசையை விரலில் வைத்து நக்கவிடுங்கள். பின்னர் மெல்லிய துணி சுற்றிய விரலால் பல்லின் வெளிப்புறத்தைத் தடவுங்கள். பழகியபின் மென்மையான தூரிகையை ஈறும் பல்லும் சேருமிடத்தில் சற்றே சாய்த்து வைத்துத் துலக்குங்கள். மேற்கடைவாய்ப் பற்களின் வெளிப்புறத்தில்தான் காரை மிகுதியாகப் படியும். அங்கே கூடுதல் கவனம் வேண்டும். உட்புறத்தை நாக்கு ஓரளவு தூய்மை செய்துவிடும். ஓரிரு நிமிடம் போதும். முடிந்ததும் அன்போடு தட்டிக்கொடுங்கள். வற்புறுத்தி அழுத்திப் பிடிக்காதீர்கள். ஈறில் ஏற்கெனவே குருதி கசிந்தால், முதலில் மருத்துவரிடம் காட்டிய பின்னரே துலக்கத் தொடங்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. நாம் பயன்படுத்தும் பற்பசையை அவற்றுக்குத் தரவே கூடாது. அவற்றுக்குக் கொப்பளித்து உமிழத் தெரியாது, விழுங்கிவிடும். சில பற்பசைகளில் இனிப்புக்காகச் சேர்க்கப்படும் சைலிட்டால் என்னும் பொருள் நாயின் குருதிச் சர்க்கரையைச் சிறிது நேரத்திலேயே ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடும், கல்லீரலையும் கெடுக்கும். உப்பும் சோடா மாவும் கொண்டு தேய்த்தலும் தகாது.

எலும்பு கடித்தால்தான் நாயின் பல் தூய்மையாகும் என்று சிலர் நம்மிடம் கூறுவதுண்டு. மரக்கறி உணவு உண்ணும் இல்லத்தார் இதனைக் கேட்டு, நம் நாய்க்கு நாம் குறை வைக்கின்றோமோ என்று மயங்குகின்றனர். மயங்க வேண்டுவதில்லை. கெட்டியான எலும்பைக் கடித்துக் கடைவாய்ப்பல் பிளந்து மருத்துவமனைக்கு வரும் நாய்கள் பல. நகத்தால் அழுத்தினால் சற்றேனும் அமுங்காத எப்பொருளும் பல்லுக்குக் கேடே. கடைகளில் மெல்லுதற்கென விற்கும் பட்டைகள் சில மாட்டுத்தோலால் ஆனவை என்பதனையும் அறிந்திருத்தல் நலம். நெகிழும் ரப்பர்ப் பொம்மை போதும். தூரிகை கொண்டு துலக்குவதற்கோ பிறிதோர் உயிரின் எலும்பும் தோலும் தேவையே இல்லை. தயிர்ச்சோறு போன்ற குழைந்த உணவு பல்லிடுக்கில் தங்குமாதலால், அவ்வுணவு தரும் நம் இல்லங்களில் துலக்குதல் இன்னும் இன்றியமையாதது.

படிந்துவிட்ட காரையை அகற்றுவது மருத்துவரின் பணி. ஆண்டுக்கு ஒருமுறையேனும் வாயைக் காட்டுங்கள். சிறிய இனங்களுக்கு இருமுறை நன்று. முறையான தூய்மைப்பணி மயக்க மருந்து கொடுத்தே செய்யப்படும். பலர் இதற்கு அஞ்சி, விழித்திருக்கும்போதே சுரண்டிவிடும்படி கேட்கின்றனர். அது பல்லின் வெளிப்புறத்தை வெண்மையாக்குமேயன்றி, நோய் குடியிருக்கும் ஈறின் அடிப்புறத்தைத் தொடாது. விலங்குக்கு அச்சமும் வலியும் மிஞ்சும். மயக்கநிலையில் மூச்சுக்குழாயில் குழாய் பொருத்துவதால் நீரும் காரைத்துகளும் நுரையீரலுக்குள் செல்வதில்லை. ஈறுக்கு அடியிலும் காரையை நீக்கி, எக்ஸ்ரே எடுத்து வேரைப் பார்த்து, பின்னர்ப் பல்லை மெருகேற்றுவர். முன்னதாகக் குருதிப் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் செய்யுமாறு கேளுங்கள். முதுமை ஒன்றே தடையாகாது. உடல்நிலையே கணக்கில் கொள்ளப்படும். பூனைகளுக்குப் பல் தானே கரைந்துபோகும் நோயொன்று உண்டு. அது வேர்வரை பரவியிருப்பதை எக்ஸ்ரே இன்றிக் காணல் அரிது.

பற்களை இழந்தால் உண்ண இயலாதே என்று கவலுற வேண்டா. நோயுற்ற பல்லோடு உண்பதைவிடப் பல்லின்றி மென்மையான உணவு உண்பது அவ்வுயிர்க்கு எளிது.

அன்பர்களே, எவ்வுயிர்க்கும் இன்னா செய்யாமையை அறமெனப் போற்றும் வழியினர் நாம். நம் கையால் துன்பம் செய்யாதிருத்தலோடு அவ்வறம் நின்றுவிடுவதில்லை. நம்மை நம்பி நம் வாசலில் கிடக்கும் உயிரின் துன்பத்தை அறியாதிருத்தலும் அதற்குக் குறையே. இன்று இல்லம் திரும்பியதும் அதன் உதட்டை மெல்ல உயர்த்திப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாயிருந்தால் நாளையே துலக்கப் பழக்குங்கள். சிவந்து வீங்கியிருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள்.