ஆச்சா மரமும் நாதஸ்வரமும்

(அய்யனார் கோவிலில் கிராம மக்களிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சற்றுமுன் இச்சந்நிதியில் நாதஸ்வரம் கேட்டோம். குழல் எம்மரம் என்று வித்துவானை வினவினேன். "ஆச்சா" என்றார்.

கும்பகோணத்தையடுத்த நரசிங்கப்பேட்டையில் ஆசாரிமார் பரம்பரையாக இக்குழலைக் கடைகின்றனர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு ரங்கநாத ஆசாரி பாரி நாதஸ்வரம் செய்தளித்ததும் இவ்வூரில்தான். 2022-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. புதிதாக வெட்டிய மரத்தை அவர்கள் விரும்புவதில்லை. ஈரம் வற்றுகையில் மரம் சுருங்கும், வெடிக்கும். துளை பிறழ்ந்தால் சுருதியும் பிறழும். ஆகவே பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல்லாண்டு காய்ந்த உத்தரங்களையும் தூண்களையுமே நாடுகின்றனர்.

மேனாட்டுக் கிளாரினெட்டுக்கும் இக்கவலை உண்டு. அதற்குரிய ஆப்பிரிக்கக் கருமரம் முதிரப் பல பத்தாண்டுகள் ஆகும். 2017 முதல் அம்மரத்தின் பன்னாட்டு வாணிபம் கட்டுப்பாட்டுக்குள் வந்துள்ளது.

நாமோ ஓட்டு வீட்டை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டுகிறோம். குறை கூறவில்லை, அதற்கு உதவித்தொகை வழங்குவதும் என் அலுவலே. சென்ற ஆண்டு ஒரு வீட்டின் உத்தரங்கள் செங்கற்சூளைக்கு விறகாகப் போயின. அருகிலேயே நின்றிருந்தேன், அது என்ன மரம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மேலேயுள்ள காடு 2021 முதல் புலிகள் காப்பகம்; அங்கே கோடரிக்கு இடமில்லை. ஆனால் ஆச்சா வறட்சி தாங்கும், கல்நிலத்திலும் வேரூன்றும், மெல்லத்தான் வளரும். ஊராட்சிப் புறம்போக்கில் நட விரும்புவோர் ஊராட்சிச் செயலரிடம் பெயர் கொடுக்கலாம். வீடு பிரிப்போர், உத்தரங்களை விலைபேசுமுன் மரமறிந்த ஓர் ஆசாரியிடம் காட்டுங்கள்.