தீபாவளி அதிரசமும் கூடும் கைகளும்

சிங்கப்பூரில் தீபாவளிக்குப் பொது விடுமுறை ஒருநாள்தான். ஆகவே எங்கள் குடும்ப விருந்துக்கான வேலை, முந்தைய வாரமே லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் தொடங்கிவிடும். மருமகள்கள் நால்வரும் ஆளுக்கொரு பலகாரம் செய்து வருவோம்; அதிரசத்துக்கு மட்டும் மாமியார் வீட்டில் கூடியாக வேண்டும். ஊறிய பச்சரிசியை நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே அரைத்து, வெல்லப்பாகில் கிளற வேண்டும். தண்ணீரில் விட்ட பாகு மெத்தென்று உருள வேண்டும். முற்றினால் அதிரசம் கல்லாகும், இளகினால் எண்ணெயில் பிரிந்துவிடும். அந்தப் பதம் எண்பது வயது மாமியாரின் விரலுக்கே தெரியும். கடையில் வாங்கலாமே என்கிறார்கள் பிள்ளைகள். வாங்கலாம், முறுக்கை நாங்களும் வாங்குகிறோம். அதிரசத்துக்கு மனம் வரவில்லை. சென்ற ஆண்டு என் மகனை அடுப்பருகே நிறுத்தினேன். (பெண்பிள்ளைதான் கற்க வேண்டுமா என்ன?) மூன்றாம் முறை அவன் உருட்டிய பாகைத் தொட்டுப் பார்த்து, "மாவைக் கொட்டு" என்றார் மாமியார்.