கழிப்பறைக்கு எந்தப் பிரஷ்?

 

கொச்சிப் பக்கம் ஒரு தீவு இருக்கிறது. அதன் பெயர் வல்லார்பாடம். சுற்றிலும் காயல் தண்ணீர். ஒரு காலத்தில் படகு ஏறினால்தான் அக்கரை போக முடியும். 2004-ஆம் ஆண்டில் கோஸ்ரீ பாலங்கள் திறந்தார்கள். அதற்குப் பிறகு பஸ் ஏறி எர்ணாகுளம் போய்வர முடிகிறது. 2011-இல் அங்கே பெரிய கண்டெய்னர் துறைமுகம் வந்தது. லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன.

வல்லார்பாடத்தில் பழமையான மாதா கோயில் ஒன்று உண்டு. அங்கே ஒரு நேர்த்திக்கடன் வழக்கம் இருக்கிறது. வருகிறவர்கள் விளக்குமாற்றைக் கையில் எடுப்பார்கள். கோயில் முற்றத்தைப் பெருக்குவார்கள். பல மதத்தாரும் இதைச் செய்கிறார்கள். பெருக்குவது கேவலம் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை.

முற்றம் பெருக்கும் விளக்குமாற்றுக்கு இவ்வளவு மரியாதை! கழிப்பறை தேய்க்கும் பிரஷுக்கு என்ன மரியாதை? அதைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறோம். வாங்கும்போதுகூட நன்றாகப் பார்ப்பதில்லை. கைக்குக் கிடைத்ததை வாங்கி வந்துவிடுகிறோம். அது சரியா? இன்றைக்கு இதைப் பற்றித்தான் பேச்சு.

வல்லார்பாடத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மனைவி தையல் வேலை செய்கிறார். மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். கணவரின் தாயாரும் கூட இருக்கிறார். அவர் புதுக்கோட்டைக்காரர். 1991-இல் அறிவொளி வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றவர். அப்போதே சைக்கிள் ஓட்டவும் கற்றவர். இப்போது முழங்கால் வலி. குந்தி உட்கார முடியாது. அதனால் வீட்டில் நாற்காலி போல உட்காரும் கழிப்பறை. வெஸ்டர்ன் டாய்லெட் என்று சொல்கிறோமே, அதுதான்.

ஒரு மழைக்காலத்தில் மகளுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. பிள்ளை பிழைத்து வந்தாள்.

பிறகு ஆஷா பணியாளர் ஒருவர் வீட்டைப் பார்க்க வந்தார். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். மூடி இருந்தது. பூந்தொட்டித் தட்டைப் பார்த்தார். காய்ந்திருந்தது. பின்கட்டில் யாரும் பயன்படுத்தாத பழைய கழிப்பறை ஒன்று இருந்தது. அதற்குள் போனார். மூலையில் ஒரு பிரஷ் நின்றது. அதன் டப்பாவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அடியில் நாலு விரல் உயரத்துக்கு மழைத் தண்ணீர். அதில் புழுக்கள் நெளிந்தன.

"இங்கே பாருங்கள். இவைதான் நாளைக்குக் கொசு" என்றார்.

மனைவி தலையில் கைவைத்துவிட்டார். "அத்தை, ஊரெல்லாம் கொசு தேடினோம். நம்ம வீட்டு பிரஷ் டப்பாவிலேயே வளர்த்திருக்கோமே!"

நண்பர்களே, டெங்குக் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. சிறு பாத்திரங்களில் தேங்கிய தண்ணீர் அதற்குப் போதும். கொட்டாங்கச்சி போதும், டயர் போதும், ஒரு டப்பா போதும். முட்டை கொசுவாக மாறச் சுமார் 8 முதல் 10 நாள் ஆகும். அதனால் வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டிவிட்டால் கொசு பிறக்காது. ஆனால் கொட்டினால் மட்டும் போதாது. அதன் முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீர் இல்லாமலும் பல மாதம் உயிரோடு இருக்கும். ஆகவே உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கேரளத்தில் இதற்கு 'டிரை டே' என்று வாரத்தில் ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை.

அந்தப் பழைய பிரஷை எல்லோரும் உற்றுப் பார்த்தார்கள். வீட்டுக்குள் இருந்த பிரஷையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். இரண்டும் ஒரே வகை. நடுவில் முறுக்கிய இரும்புக் கம்பி. அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் முடி. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்திருந்தது. துரு வழிந்து பீங்கானிலும் பழுப்புக் கறை. முடிகள் படுத்துவிட்டன. முடிக்கு நடுவே அழுக்கு அடைந்து கிடந்தது.

"இது கழுவுற பிரஷ் இல்லை. அழுக்கைச் சேர்த்து வைக்கிற பிரஷ்" என்றார் மாமியார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கடைக்குப் புறப்பட்டார்கள். வைப்பின் போனார்கள். அங்கிருந்து படகில் ஃபோர்ட் கொச்சி. பிறகு மட்டாஞ்சேரி கடைத்தெரு.

கடைக்காரர் மூன்று வகை பிரஷ் எடுத்துப் போட்டார்.

முதல் வகை, கம்பியில் முறுக்கிய முடி பிரஷ். விலை குறைவு.

இரண்டாவது வகை, கெட்டியான பிளாஸ்டிக் தலை. அதில் விறைப்பான முடி. கம்பி கிடையாது.

மூன்றாவது வகை, தட்டையான தலை. ரப்பர் போல வளையும். முடிக்குப் பதிலாகச் சிறு சிறு விரல்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும். "இது சிலிக்கோன். இப்போ எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க" என்றார் கடைக்காரர்.

சிலிக்கோன் என்றால் என்ன? மணலில் சிலிக்கான் என்ற பொருள் இருக்கிறது. அதை எடுத்து, வேறு பொருள்கள் சேர்த்து, தொழிற்சாலையில் செய்வது சிலிக்கோன். 1940-களில் இதைப் பெரிய அளவில் செய்யத் தொடங்கினார்கள். குழந்தைப் பால் புட்டியின் ரப்பர் காம்பு பெரும்பாலும் சிலிக்கோன்தான். கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் அது உருகாது.

கழிப்பறைக்குச் சிலிக்கோன் பிரஷ் ஏன் நல்லது? மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, அது தண்ணீரைக் குடிக்காது. இரண்டு உதறு உதறினால் தண்ணீர் கொட்டிவிடும். சீக்கிரம் காய்ந்துவிடும்.

இரண்டு, விரல்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது. அழுக்கு அதிகம் சிக்காது. சிக்கினாலும் தண்ணீர் ஊற்றினால் போய்விடும்.

மூன்று, தலை தட்டையாக வளையும். வெஸ்டர்ன் டாய்லெட்டின் மேல் விளிம்புக்கு அடியில் ஒரு மடிப்பு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அழுக்கு அங்கேதான் தங்கும். அந்த இடத்துக்கு இந்தப் பிரஷ் போகும்.

அப்படியென்றால் குறையே இல்லையா? இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். சிலிக்கோன் மெதுவானது. காய்ந்து இறுகிய உப்புக் கறையை அது எளிதில் எடுக்காது. குந்தி உட்காரும் கழிப்பறையில் கால் வைக்கும் இடத்தில் வரிவரியாக இருக்கும். அந்த வரிகளைத் தேய்க்க விறைப்பான முடி பிரஷ்தான் ஏற்றது. ஆகவே முதல் கேள்வி 'எந்தப் பிரஷ் உசத்தி?' என்பது அல்ல. 'நம் வீட்டில் எந்த வகைக் கழிப்பறை?' என்பதுதான்.

கடையில் நடந்ததைப் பார்ப்போம். பெட்டியின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் 'சிலிக்கோன்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. மருமகள் பணத்தை எடுத்தார். மாமியார் கையைப் பிடித்தார்.

"இரும்மா. முன்னால பெரிசா போட்டது வியாபாரத்துக்கு. பின்னால சின்னதா என்ன போட்டிருக்குன்னு பார்ப்போம். நீ வாசி, கண்ணு."

பேத்தி பெட்டியைத் திருப்பி வாசித்தாள். "அப்பத்தா, இதுல டி.பி.ஆர். அப்படீன்னு போட்டிருக்கு."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "பெரியம்மா விவரமானவங்க. அது ஒரு வகை ரப்பர் பிளாஸ்டிக்."

டி.பி.ஆர். கெட்ட பொருள் அல்ல. அதுவும் தண்ணீரைக் குடிக்காது. நன்றாகத்தான் தேய்க்கும். ஆனால் அது சிலிக்கோன் அல்ல. சூடு தாங்குவதில் சிலிக்கோனுக்கு இணை இல்லை. அதற்குச் சிலிக்கோன் விலை கொடுப்பது ஏமாற்றம். பையில் கட்டி வரும் பொருளில் சில விவரங்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. என்ன பொருள், யார் செய்தது, எந்த மாதம் எந்த ஆண்டு செய்தது, அதிகபட்ச விலை எவ்வளவு, புகார் சொல்ல எங்கே கேட்பது. வெளிநாட்டுப் பொருள் என்றால் எந்த நாடு என்றும் இருக்க வேண்டும். நமக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் தெரிந்தவரை வாசிக்கச் சொல்லலாம். கேட்பதில் வெட்கம் இல்லை.

மாமியார் மேலும் சில விஷயங்களைப் பார்த்தார். தலையைப் பிடித்து இழுத்தார். கைப்பிடியிலிருந்து கழன்று வரவில்லை. கைப்பிடியைத் திருகினார். ஆடவில்லை. உள்ளே இரும்புக் கம்பி உண்டா என்று கேட்டார். இல்லை. கைப்பிடி நீளமாக இருந்தது. குனியாமல் தேய்க்கலாம். முகர்ந்து பார்த்தார். கெட்ட வாடை இல்லை.

கடைசியாக டப்பாவைப் பார்த்தார். ஒரு டப்பா அழகாக இருந்தது. ஆனால் அடி மூடியிருந்தது. தண்ணீர் போக வழியில்லை. இன்னொன்று சுவரில் மாட்டுவது. அடியில் துளைகள் இருந்தன. காற்றும் புகும்.

"இதைக் குடுங்க. இன்னொரு தடவை கொசு வளர்க்க நம்மால முடியாது" என்றார்.

விலை? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண பிரஷ் 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் கெட்டுவிடுகிறது. இரண்டு வருடத்துக்கு நான்கு பிரஷ். 80-ஐ 4-ஆல் பெருக்கினால் 320 ரூபாய். சிலிக்கோன் பிரஷ் 240 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது இரண்டு வருடம் உழைத்தால் 80 ரூபாய் மிச்சம். ஆறே மாதத்தில் கழன்றுவிட்டால் நஷ்டம். ஆகவே விலையை மட்டும் பார்க்காதீர்கள். உழைப்பையும் பாருங்கள்.

பிரஷ் வாங்கியாயிற்று. எப்படித் தேய்ப்பது?

முதலில் கழுவும் மருந்தை விளிம்புக்கு அடியில் விட வேண்டும். சிறிது நேரம் ஊற விட வேண்டும். எவ்வளவு நேரம் என்று புட்டியிலேயே எழுதியிருக்கும். மருந்து ஊறினால் கறை இளகும். பிறகு மெதுவான பிரஷும் போதும். தேய்த்த பின் பிரஷைத் தண்ணீரில் அலசி, உதறி, காய்ந்த பிறகு டப்பாவில் வைக்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். 'இரண்டும் சேர்ந்தால் இரண்டு மடங்கு சுத்தம்' என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்ற நச்சுப்புகை வரும். மூச்சு அடைக்கும். சிறிய கழிப்பறையில் கதவைச் சாத்தியிருந்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு நேரத்தில் ஒரு மருந்துதான். கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

மருந்தை அளவுக்கு மீறியும் ஊற்றாதீர்கள். செப்டிக் டேங்கில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன. கழிவை மக்கச் செய்வது அவைதான். நிறைய மருந்து ஊற்றினால் அவை செத்துவிடும். நாலு பக்கமும் தண்ணீர் இருக்கும் தீவில் இதை இன்னும் கவனிக்க வேண்டும்.

அன்று இரவு கணவர் லாரி விட்டு வந்தார். புதுப் பிரஷைப் பார்த்தார்.

"இதுக்கா மூணு பேரும் மட்டாஞ்சேரி வரைக்கும் போனீங்க?" என்று சிரித்தார்.

மாமியார் சிரிக்கவில்லை. "ஏம்பா, இந்த வீட்ல கழிப்பறைக்குப் போறது யாரு?"

"எல்லாருந்தான் ஆத்தா."

"தேய்க்கிறது யாரு?"

அவர் பேசவில்லை. மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

மாமியார் சொன்னார்: "பிள்ளை காய்ச்சல்ல கிடந்தப்போ நீயும்தானே அழுதே. டப்பாவுல இருந்த தண்ணியை யாரும் பார்க்கலை. அது அவ ஒருத்தி வேலைன்னு எல்லாரும் இருந்துட்டோம். அவளுக்குத் தையல் வேலையும் இருக்கு. எத்தனையைத்தான் பார்ப்பா?"

மனித மலத்தை மனிதர் கையால் அள்ளும் வேலையைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம் வந்தது. 2013-இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. அடுத்தவர் அழுக்கை ஒரு பிரிவினர் மீது சுமத்தக் கூடாது என்பது அதன் நியாயம். அந்த நியாயம் வீட்டுக்குள்ளும் வர வேண்டாமா?

மகள் காலண்டரை எடுத்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு பெயர் எழுதினாள். அப்பா, அம்மா, மகள் என்று முறை வைத்தாள். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி. அதனால் அவர் பெயரைத் தேய்ப்பதில் எழுதவில்லை. டப்பாவில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. முதல் ஞாயிறு அப்பாவின் முறை.

அந்த ஞாயிறும் வந்தது. அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். ஜன்னலைத் திறந்தார். மருந்து விட்டார். ஊறும் வரை காத்திருந்தார். விளிம்புக்கு அடியில் தேய்த்தார். வெளியே வந்தவர் சொன்னார்: "அடியில இவ்வளவு அழுக்கு இருக்கும்னு இத்தனை நாளா எனக்குத் தெரியாது."

"இப்போ தெரிஞ்சுதுல்ல" என்றார் மனைவி.

நண்பர்களே! வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். பிரஷ் நிற்கும் டப்பாவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து உள்ளே பாருங்கள். தண்ணீர் இருந்தால் கொட்டுங்கள். உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முடி படுத்த பிரஷை, துருப்பிடித்த பிரஷை மாற்றுங்கள். புதிதாக வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் வாசியுங்கள். பிறகு, யார் யார் தேய்ப்பது என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள்.