கடாரத்தில் ஒரு வீடு
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வெளிநாட்டுப் பயணம் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார் செயலாளர். பயப்படாதீர்கள், கடை கடையாக ஏறி இறங்கிய கணக்கையெல்லாம் சொல்லப் போவதில்லை.

1974இல் நான் இங்கே சேர்ந்தபோது என் அறைத்தோழன் மலேசியாவிலிருந்து வந்தவன். 'சிதம்பரம்' கப்பலில் பினாங்கில் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கினான். 1985இல் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பலின் ஓட்டம் நின்றுவிட்டது. ரப்பரைக் 'கித்தா' என்பான், ரோட்டைச் 'சடக்கு' என்பான். நாங்கள் சிரிப்போம், அவனும் சிரிப்பான்.

1975 டிசம்பரில் அவனுக்குத் தந்தி வந்தது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த அப்பா தவறிவிட்டார். கப்பலில் போனால் ஒரு வாரம் போல ஆகும். விமானத்துக்குக் காசில்லை. அவனை எங்கள் ஊருக்கு அழைத்துப் போனேன். பதினாறாம் நாள் வெண்ணாற்றங்கரைப் படித்துறையில் எங்கள் அப்பா கூட நின்று சடங்கை நடத்தி வைத்தார். அம்மா சமைத்துப் போட்டார்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பி, ஆசிரியப் பயிற்சி பெற்று, தமிழ்ப்பள்ளி ஆசிரியரானான். மலேசியாவில் இன்றும் ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் உண்டு. எங்கள் கடிதப் போக்குவரத்தும் நிற்கவில்லை.

2024 மே மாதம் மனைவி, மகன், மருமகள், பேத்தியோடு கிளம்பினேன். சிங்கப்பூர் பார்த்தோம். கோலாலம்பூரில் 452 மீட்டர் இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. பத்துமலையில் 272 படி ஏறி முட்டி வலித்தது. பிறகு வடக்கே, கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணிக்கு ரயில் ஏறினோம். நண்பன் வீடு அங்கேதான்.

மறுநாள் காலை அவன் மனைவி, "பசியாறிட்டீங்களாண்ணே?" என்று கேட்டார். காலைச் சாப்பாட்டுக்கு அவர்கள் சொல்லும் சொல் அது. எவ்வளவு நல்ல தமிழ்!

அன்றைக்குப் பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனான். ஜெராய் மலையடிவாரத்தில் பழைய கோயில்களின் கல் அடித்தளங்களும் ஓர் அருங்காட்சியகமும் இருக்கின்றன. 1025 வாக்கில் முதலாம் ராஜேந்திர சோழன் கடற்படை அனுப்பி வென்ற கடாரம் இந்தக் கெடாதான். "டேய், உங்க ராஜா படையை அனுப்பினாரு. நீ பொண்டாட்டி புள்ளையோட வந்திருக்கே. அரிசி விலை என்னன்னு தெரியுமா?" என்றான்.

அவன் பிறந்த தோட்டத்தையும் காட்டினான். கித்தா மரங்கள் போய் இப்போது செம்பனை. அவர்கள் குடியிருந்த லயம் இல்லை. மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. "எங்கப்பா கால் படாத நிரை இங்க இல்லடா" என்றான். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.

சாயங்காலம் அவன் தாயார் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். தொண்ணூற்றொரு வயது. தமிழ்நாட்டைப் பார்த்ததே இல்லை. "ஐயா, எம் வூட்டுக்காரருக்கு அங்க எள்ளும் தண்ணியும் எறைச்சாங்களாமே, அது எந்த எடம்?" என்று கேட்டார். நாற்பத்தெட்டு வருஷமாக மனசில் வைத்திருந்த கேள்வி. மகன் கைபேசியில் இருந்த எங்கள் படித்துறைப் படத்தை எடுத்துக் காட்டினான். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "தண்ணி ஓடுதா?" என்றார். "அன்னைக்கு நிறைய ஓடுச்சும்மா" என்றேன். "அது போதும்" என்றார். பிறகு என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க மாமியார் இல்லேன்னான். எம் புள்ளைக்குச் சோறு போட்ட மவராசி" என்றார்.

பேத்திக்குப் பயணத்தில் எது பிடித்தது என்று கேட்டேன். "அந்தப் பாட்டி வீடு" என்றாள்.

தம்பி தங்கையரே, இன்றும் உங்கள் விடுதியில் வெளிமாநிலத்து, வெளிநாட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். பொங்கலுக்கு எல்லாரும் பெட்டி கட்டும்போது அவர்கள் எங்கே போவார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். போக இடம் இல்லை என்றால் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியதில்லை, ஒரு பிடி அரிசி கூடப் போடுவார்கள்.